பிளிமத் இரத்தினம்

இரத்தினம் முதலில் காரைப் பார்ப்பதில்லை, காரின் சொந்தக்காரரைத்தான் பார்க்கிறார். அந்த மனிதரின் கண் எந்த இடத்தைப் பார்க்காமல் தப்பித் தப்பிப் போகிறது என்று கவனித்துவிட்டு, நேரே அந்த இடத்தில் போய்க் குந்துகிறார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒரு காந்தம் வெளியே வருகிறது. ஏதோ பீட்சாக் கடை விளம்பரத்துக்குக் கொடுத்த, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுகிற சாதாரணக் காந்தம்தான். சக்கரத்துக்கு மேலுள்ள வளைவில் அதை மெல்ல நகர்த்திக்கொண்டு போகிறார். ஓரிடத்தில் பிடி விட்டு, கைக்குட்டையோடு அவர் மடியில் விழுகிறது.

“பட்டி,” என்கிறார், யாருக்கும் இல்லாமல். “இதுக்குக் கீழ தகரமே இல்லை. கறள் திண்டதைப் பட்டி போட்டு மூடியிருக்கிறாங்கள்.” பிறகு, துரு தின்ற இடத்தைப் பசை பூசி மறைத்திருக்கிறது என்று அதையே ஜேர்மன் மொழியில் மரியாதையாகச் சொல்கிறார். சொந்தக்காரரின் முகம் வாடிப்போகிறது.

ஹாகன் நகரத்துக்கு வெளியே ஒரு தளபாடக் கடை இருக்கிறது. சித்திரையிலிருந்து ஐப்பசி வரை, மாதத்தின் முதல் ஞாயிறுகளில், அதன் தரிப்பிடத்தில் பழைய அமெரிக்கக் கார்கள் கூடுகின்றன. ஒவ்வொன்றும் நம்மவர் வாடகை வீட்டு வரவேற்பறையின் நீளம். பெரிய வயிறுடைய ஜேர்மன்காரர்கள் மடக்குக் கதிரைகளில் இருந்துகொண்டு சொசேஜ் வாட்டுவார்கள். அவர்கள் நடுவே இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டையோடு நிற்கும் ஒரே தமிழர், அறுபத்திரண்டு வயது இரத்தினம். அவர் வருவது பஸ்ஸில். அவரிடம் காரும் இல்லை, கார் ஓட்டுகிற அனுமதிப்பத்திரமும் இல்லை. ஆனாலும் அந்தப் பழைய கார்க் கழகத்தில் யாரும் அவரைக் கேட்காமல் ஒரு கார் வாங்குவதில்லை. அவர் தகரப் பெட்டியில் கொண்டுவரும் ஆட்டிறைச்சி றோல்ஸும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

சந்தேகம் அவருக்கு உடம்போடு வந்த குணம். வைத்தியர் தரும் மாத்திரையின் துண்டுப் பிரசுரத்தைக் கடைசி எழுத்து வரை படித்துவிட்டுத்தான் விழுங்குவார். வீட்டுக் கதவைப் பூட்டி மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார், படியில் பாதி இறங்கியபின் திரும்பி ஏறி நாலாம் தரமும் இழுப்பார். பழைய கார் ஓடிய தூரம் காட்டும் ஓட்டமானியின் எண்ணை அவர் வாசிப்பதே கிடையாது, கால் வைக்கும் மிதியின் இறப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பார். “சிரிச்சுக்கொண்டு விக்கிறவன்ர காரைக் குனிஞ்சுதான் பாக்கோணும்,” என்பது அவர் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம்.

நானும் லேசுப்பட்ட ஆள் இல்லை. மாணவியாக இருந்தபோதே மேற்கு பெர்லினில் அகதி விசாரணைகளுக்கு மொழிபெயர்க்கப் போனவள், முப்பத்தேழு வருடம் அதையே செய்தேன். எத்தனை ஆயிரம் கதைகள் என் வாய்வழியாகப் போயின என்று தெரியாது. ஒருவர் கதை சொல்லும்போது எந்த இடத்தில் குரல் காற்றுப்போன ரயரைப் போல ஆகிறது என்று கேட்டுக் கேட்டு என் காது கெட்டுவிட்டது. ஓய்வுபெற்ற பிறகும் அது திருந்தவில்லை. இப்போது கலியாணக் கையேடுகள் மொழிபெயர்க்கிறேன். தாலி எதற்கு, அம்மி எதற்கு என்று ஜேர்மன் விருந்தினருக்கு விளக்குகிற, இரண்டு மொழியிலும் அச்சாகிற சிறு புத்தகங்கள்.

இரத்தினத்தின் ஒரே மகள் சஜிதா அப்படித்தான் என்னிடம் வந்தாள். பல் வைத்தியராக வேலை பார்க்கிறாள். கலியாணம் ஆவணியில், மாப்பிள்ளை பிரதாப், எசனில் பிறந்த பொறியியலாளன். அவள் ஜேர்மனில் எழுதிக் கொண்டுவந்த கையேட்டில் ஒரு பக்கம் மற்றவற்றிலிருந்து விலகி நின்றது. தலைப்பு, ‘அப்பப்பாவின் பிளிமத்’. யாழ்ப்பாணத்தில் தன் அப்பப்பா, தகப்பனின் தகப்பன், பெரிய புகையிலை வியாபாரி என்றும், ஊரிலேயே பெரிய காரான ஐம்பத்தாறாம் ஆண்டு பிளிமத் அவருடையது என்றும், அதே ஆண்டுப் பிளிமத்தில் தானும் கணவனும் மண்டபத்திலிருந்து புறப்படப்போவதாகவும் எழுதியிருந்தாள். கார் கழகத்து வோல்ஃப்காங்குடையது. பக்கத்தின் நடுவே ஒரு பழைய படம். வெள்ளை வேட்டி சால்வையோடு ஒருவர் காரின் முன்மூடியில் கை வைத்து நிற்கிறார். படத்தின் ஓரத்தில், திறந்திருந்த பின்கதவைப் பிடித்தபடி, மெலிந்த இன்னொரு மனிதர். கீழே சஜிதாவின் வரி: ‘காரில் கை வைத்து நிற்பவர் எங்கள் அப்பப்பா.’

அந்தக் காரில் கை வைத்து நிற்பவரின் காது தலையோடு ஒட்டிய காது. கையேட்டில் இருந்த குடும்பப் படத்தில் இரத்தினத்தின் காது விரிந்தது, சஜிதாவினதும் அப்படியே. ஒரு காதை வைத்து ஒரு குடும்பத்தைச் சந்தேகிப்பது அநியாயம் என்று எனக்கே தெரியும். ஆனாலும் ஒரு பத்திரிகையில் மாதாமாதம் எழுதும் பத்திக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த நான், ஆனி மாத முதல் ஞாயிறன்று தளபாடக் கடைத் தரிப்பிடத்துக்குப் போய் நின்றேன்.

என்னைக் கண்டதும் அவர் கையிலிருந்த காந்தத்தைப் பைக்குள் போட்டார். நான் பேர் சொன்னேன். பத்திரிகைக்கு எழுதப்போவதாகச் சொன்னேன். அவர் என் முகத்தை, காரின் அடிப்பக்கத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். “பத்திரிகைக்கோ அக்கா? வேற ஒண்டுக்கும் இல்லையே?” என்று கேட்டார். நான் அவரை அண்ணை என்றேன். இருவரில் யார் மூத்தவர் என்று இருவருக்கும் அன்று சந்தேகம் இருந்தது, இன்றும் இருக்கிறது.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். நம்மவர்களின் கலியாணத்தில் பதிவு எழுத்துக்கு நாள் வைக்கும் முன்பு விசாரணை உண்டு. யாராவது ஒருவர் எதற்கோ வந்தவர் போல வந்து, தேநீர் குடித்து, எந்த ஊர், யாருடைய பிள்ளை, தகப்பன் என்ன செய்தவர் என்று மெல்லக் கிண்டிவிட்டுப் போவார். என்னை அப்படி அனுப்பப்பட்ட ஆள் என்று நினைக்கிறார் என்று எண்ணி, மாப்பிள்ளை வீட்டாரை எனக்குத் தெரியவே தெரியாது என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன். அவர் தலையாட்டினார். முகம் மட்டும் இளகவில்லை.

கதை சொல்லத் தொடங்கியதும் வேறு ஆளாகிவிட்டார். கிளிப்பச்சை உடம்பு, வெண்ணெய் நிறக் கூரை, பின்னால் மீனுக்குப் போல இரண்டு செட்டை. அந்தப் பெரிய காருக்கு எங்கள் ஒழுங்கைகளின் அகலம் காணாது. வேலிகளுக்கு நடுவே போனால் திருப்ப இடமில்லை. ஆகவே டிறைவர் கதவைப் பாதி திறந்து, உடம்பில் பாதியை வெளியே போட்டு, கால் மைல் தூரம் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வருவாராம். பனையோலை ஒன்றுகூடக் காரில் உரசாதாம். காலையில் எஞ்சினைத் தொடக்கிவிட்டு, டிறைவர் மூடியில் காதை வைத்துக் கேட்பாராம். எஞ்சின் சூடேறினால் ஊற்ற, சாராயப் போத்திலில் தண்ணீர் நிரப்பிக் காலடியில் வைத்திருப்பாராம். ஆட்களை ஏற்றும்போது கதவைத் திறந்து, தலை இடிக்காமல் இருக்க, கூரையின் விளிம்புக்குக் கீழே தன் உள்ளங்கையைக் கொடுப்பாராம். இதைச் சொல்லும்போது இரத்தினம் தன் கையைக் காற்றில் நீட்டி, குனிந்து வரும் ஒரு தலைக்காகக் காத்திருந்தார்.

உங்கள் அப்பா எப்படி என்று கேட்டேன். “அப்பா பெரிய மனுசன். வெள்ளை வேட்டிதான் கட்டுவார்,” என்றார். வேறு? “நல்லவர்.” அவ்வளவுதான். டிறைவர் எந்தக் கையால் பீடி பற்றவைப்பார் என்று சொல்லத் தெரிந்தவருக்குத் தகப்பனின் குரல் எப்படி என்று சொல்லத் தெரியவில்லை. பின் இருக்கை என்ன நிறம் என்று கேட்டபோது சிவப்பு என்றார். அரை மணி நேரம் கழித்து வேறு பேச்சில் மண்ணிறம் என்றார். ஏன் அனுமதிப்பத்திரம் எடுக்கவில்லை என்றேன். நிமிர்ந்து நின்று சொன்னார்: “எங்கட வீட்டில ஆரும் ஓட்டுறேல்ல அக்கா. ஓட்டுறதுக்கு ஆள் வச்சிருந்தனாங்கள்.”

அகதி விசாரணை மேசையாக இருந்தால், கதையை நம்பாமல் அதிகாரி பேனையைக் கீழே வைத்திருப்பார்.

ஆடி மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். கையேட்டில் சில சொற்களைச் சரிபார்க்க என்று சொல்லிக்கொண்டு போனேன், அது முழுப் பொய்யும் இல்லை. இரத்தினம் மருந்துக்கடைக்குப் போயிருந்தார். அவருடைய மனைவி ஜெயமலர் தேநீர் தந்தார். அதிகம் பேசாதவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். படம் இருந்த பக்கத்தை மேசையில் விரித்தபோது, அவர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, சமையலறைப் பக்கம் பார்த்தபடி பேசினார்.

“தொண்ணூற்றாறில ஒரு ரெலிபோன் வந்தது. ஊரில டிறைவர் செத்துப்போனாராம் எண்டு இவர் எனக்குச் சொன்னார். அண்டைக்குப் பின்னேரம் வெளியில போனவர், மொட்டை அடிச்சுக்கொண்டு வந்தார். முப்பத்தொரு நாளும் மச்ச மாமிசம் தொடேல்ல.” கோப்பையைத் தட்டில் சரியாக வைத்தார். “டிறைவர் செத்ததுக்கு ஆராவது மொட்டை அடிப்பினமோ? நான் ஒண்டும் கேக்கேல்ல.”

தகப்பன் செத்தால்தான் மகன் மொட்டை அடிப்பான். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியவந்தால் என்று தொடங்கினேன். ஜெயமலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் ஊரில் விசாரித்து முடித்து எத்தனையோ மாதம் என்றார். தன்னைக் கட்டிக்கொடுக்கும்போது தன் வீட்டாரும் விசாரித்தவர்கள்தான், எல்லாம் தெரிந்துதான் கொடுத்தார்கள். “எல்லாருக்கும் தெரியும் அக்கா. தெரியாதது பிள்ளைக்கு மட்டும்தான். இவருக்குத் தெரியாதது, எல்லாருக்கும் தெரியுமெண்டது.”

வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்குக் கோபம். அந்த மெலிந்த மனிதர் மீது அல்ல, இரத்தினம் மீது. பெற்ற தகப்பனை நாற்பது வருடமாக டிறைவர், டிறைவர் என்று கூப்பிட்டு, அந்தப் பெயரிலேயே துக்கமும் அனுஷ்டித்திருக்கிறார். இப்போது அதை அச்சில் வேறு ஏற்றப்போகிறார்கள். ஆவணி முதல் வெள்ளிக்கிழமை கையேடு அச்சகத்துக்குப் போகவேண்டும். போனால், இருநூற்றைம்பது பிரதிகளில் ஒரு புகையிலை வியாபாரி சஜிதாவின் அப்பப்பா ஆகிவிடுவார். கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் பேரில்லாத வேலைக்காரராக ஓரத்திலேயே நிற்பார். நாளைக்குச் சஜிதாவின் பிள்ளைகளும் அப்படித்தான் வாசிப்பார்கள். ஆனால் அதைச் சொல்ல நான் யார்? ஒரு சொல்லைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதாகச் சத்தியம் செய்து பிழைத்தவள் நான். எழுதியதை மொழிபெயர்த்து அனுப்பிவிட்டுப் பேசாமல் இருக்கலாம் என்றும் நினைத்தேன்.

ஆவணி முதல் ஞாயிறு, தரிப்பிடத்தில் அவர் என்னைத் தேடி வந்தார். றோல்ஸ் பெட்டி கையில் இருந்தது, யாருக்கும் கொடுத்ததாகத் தெரியவில்லை. வோல்ஃப்காங்கின் நீலப் பிளிமத்துக்குப் பின்னால் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

“நீங்கள் எல்லாம் தெரிஞ்சுகொண்டுதானே வந்தனீங்கள்?” என்றார். இல்லை என்றேன். “பொய் சொல்லாதேங்கோ அக்கா. எண்பத்தாறாம் ஆண்டு, பெர்லினில, என்ர விசாரணை. நீங்கள்தான் மொழிபெயர்த்தனீங்கள். நீலக் கம்பளிச் சட்டை போட்டிருந்தனீங்கள்.”

எனக்கு அவரை ஞாபகமே இல்லை. நீலக் கம்பளிச் சட்டை ஞாபகம் இருந்தது. முதல் நாளே அவர் என்னை அடையாளம் கண்டுவிட்டார். மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று அவர் ஒருபோதும் என்னைச் சந்தேகிக்கவில்லை. அதைவிட மோசமாக, தான் ஒரே ஒரு தடவை சொன்ன உண்மையைக் காதால் கேட்ட ஆள், சரியாக மகளின் கலியாணத்துக்கு முன்னால் வந்து நிற்கிறாள் என்று இரண்டு மாதமாக நித்திரை இல்லாமல் இருந்திருக்கிறார்.

“தகப்பன்ர தொழில் என்ன எண்டு கேட்டாங்கள். கார் டிறைவர் எண்டு சொன்னனான். பயத்தில பொய் சொல்லத் தெரியேல்ல. நீங்கள் உடன ஜேர்மனில சொன்னனீங்கள், ‘க்ராஃப்ட்ஃபாரர்’ எண்டு. கேக்க ஏதோ பெரிய உத்தியோகம் மாதிரி இருந்தது. அந்தச் சொல்லை நான் மறக்கேல்ல.”

அந்தப் பொய் தொடங்கியதை அவர் சொன்னபடி சொல்கிறேன். கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது அவரிடம் இருந்தது இரண்டு சட்டையும் அந்தப் படமும்தான். அகதி விடுதியில் எட்டுப் பேருக்கு ஓர் அறை. படத்தைப் பார்த்த ஒருவர், காரில் கை வைத்து நிற்பவரைக் காட்டி, உன் அப்பாவோ என்று கேட்டார். இரத்தினம் இல்லையென்று சொல்லவில்லை. அன்றிரவே அறையில் அவருக்கு ஒரு தனி மதிப்பு வந்தது, கட்டிலின் கீழ்த்தட்டும் கிடைத்தது. அடுத்த நாள் திருத்தலாம் என்று நினைத்தார். அந்த அடுத்த நாள் வரவேயில்லை.

அந்தக் காரில் அவருடைய வீட்டார் ஒரே ஒரு தடவை ஏறியிருக்கிறார்கள். தங்கை பிறக்கிற அன்று, தாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலாளி காரைக் கொடுத்தார். இதைச் சொல்லும்போது இரத்தினத்தின் குரல் உடைந்தது. என் கெட்டுப்போன காதுக்கு அதில் ஒரு பட்டியும் தட்டுப்படவில்லை.

“அப்பா பின்கதவைத் திறந்து, இடுப்பில கட்டியிருந்த வேட்டியைக் கழட்டி, சீற் முழுக்க விரிச்சவர். உள்ளுக்குள்ள காற்சட்டை போட்டிருந்தவர். முதலாளியின்ர சீற் பழுதாப் போகக்கூடாது எண்டு. பிறகு முதலாளியின்ர பெஞ்சாதிக்குச் செய்யிற மாதிரியே, அம்மான்ர தலைக்கு மேல கையைப் பிடிச்சு ஏத்தினவர். நான் முன்னுக்கு இருந்தனான். சீற் என்ன நிறமெண்டு எனக்குத் தெரியாது அக்கா. நான் பாத்தது வேட்டியைத்தான்.”

இந்தக் கதையை மகளிடம் சொன்னதே இல்லையாம். எப்படிச் சொல்வது? ஒரு முதலாளி தன் காரில் தன் வேட்டியை விரிக்கமாட்டானே.

அதன் பிறகு அவர் கேட்டது எனக்கு எதிர்பாராதது. அன்றைக்குப் போல இன்றைக்கும் நீங்களே சொல்லிவிடுங்கோ என்றார். சஜிதாவுக்கு ஜேர்மன்தான் நன்றாக ஓடும், தனக்கு அவளோடு ஜேர்மனில் இதைப் பேச ஏலாது, தமிழில் சொன்னாலோ அவளுக்குப் பாதிதான் விளங்கும். “நீங்கள் சொன்னால் அது பெரிய உத்தியோகம் மாதிரிக் கேக்கும்.”

முப்பத்தேழு வருடத்தில் என்னிடம் யாரும் இப்படி மன்றாடியதில்லை. மனம் இளகத்தான் செய்தது. ஆனால் மொழிபெயர்க்கிறவள் முதலில் பேசக்கூடாது. “நீங்கள் வாய் திறந்தால்தான் அண்ணை எனக்கு வேலை இருக்கு,” என்றேன். “சொல்லுங்கோ. விளங்காத சொல்லுக்கு நான் பக்கத்தில இருப்பன்.” அவர் றோல்ஸ் பெட்டியை என் கையில் தந்துவிட்டு பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தார். மகளிடம் சொல்லமாட்டார் என்றே முடிவு செய்தேன். நாற்பது வருடப் பட்டியைச் சுரண்ட யாருக்கு மனம் வரும்?

அவர் என்னைக் கூப்பிடவேயில்லை. வியாழக்கிழமை பின்னேரம் சஜிதாதான் தொலைபேசியில் வந்தாள். அழுதிருக்கிறாள் என்று குரலில் தெரிந்தது. கையேட்டில் ஒரு திருத்தம் இருக்கிறது, தலைப்பை ‘அப்பப்பாவும் பிளிமத்தும்’ என்று மாற்றவேண்டும் என்றாள். படத்தின் கீழே உள்ள வரியை, ‘கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் எங்கள் அப்பப்பா’ என்று போடவேண்டும். வியாபாரி என்ற இடத்தில் என்ன போடலாம் என்று கேட்டேன். “க்ராஃப்ட்ஃபாரர்,” என்றாள். “அப்பா அந்தச் சொல்லைத்தான் போடச் சொன்னவர்.” பிறகு, வேட்டி என்றால் அந்த வெள்ளைத் துணிதானே என்று கேட்டாள். ஓம் என்றேன்.

இவ்வளவுக்குப் பிறகும் என் சந்தேகம் ஓயவில்லை. வீட்டுக்குள் மகளிடம் சொல்வது ஒன்று, சம்பந்தி வீட்டார் முன்னால் நிற்பது வேறு. கலியாணத்தன்று மண்டபத்தில் அவரைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். பட்டு வேட்டி, சரிகைச் சால்வை, தலைப்பாகை. கையேட்டைப் புரட்டுகிற ஒவ்வொருவரின் முகத்தையும் அவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். பிரதாப்பின் தகப்பன் அந்தப் பக்கத்தை வாசித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அடுத்த பக்கத்தைப் புரட்டினார். இரத்தினம் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

மாலையில் பெண்ணும் மாப்பிள்ளையும் புறப்படுகிற நேரம். வாசலில் நீலப் பிளிமத் நின்றது. வோல்ஃப்காங் தன் ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு, கதவைத் திறக்கவென்று காரைச் சுற்றி வந்தார். சம்பந்தி வீட்டார் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றார்கள், படம் எடுப்பவர் குனிந்து தயாராக இருந்தார். அப்போது இரத்தினம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, வோல்ஃப்காங்கின் தோளைத் தொட்டு ஓரமாக நிற்கச் சொன்னார். காரையும் பார்க்கவில்லை, எங்களில் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. பின்கதவைத் திறந்தார். தோளிலிருந்த சரிகைச் சால்வையை எடுத்து, வோல்ஃப்காங் காலையில்தான் துடைத்துவைத்த வெள்ளை இருக்கையின் மேல் மூலைக்கு மூலை இழுத்து விரித்தார். பிறகு ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையைக் கூரையின் விளிம்புக்குக் கீழே கொடுத்தார். சஜிதா பூ வைத்த தலையை அந்தக் கைக்குக் கீழே குனிந்தாள்.